அயர்லாந்தில் இசை கேட்கும் மாலை: எந்த பப், எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு?

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். வயது 66, 62. செப்டம்பரில் அயர்லாந்து போகிறோம். டப்ளின், கால்வே, டூலின், ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு. நான் எப்போதாவது ஒரு பீர் குடிப்பேன். அவர் குடிப்பதில்லை, சைவம். இருவருக்கும் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழக்கம். பப்பில் அசல் ஐரிஷ் இசை கேட்க மாலையை எப்படி அமைத்துக்கொள்வது? ஒரே இரவில் மூன்று நான்கு பப்களுக்குப் போய்வர முடியுமா?

பதில்:

போய்வர முடியும், ஆனால் இசை கேட்க முடியாது. ஒன்பதரை மணிக்கு ஒரு பப்பில் இடம் பிடித்துவிட்டு, பத்தேகாலுக்கு எழுந்து அடுத்ததற்குப் போனால் அங்கே நிற்கத்தான் இடம் இருக்கும், அதுவும் கழிப்பறைக்குப் போகும் வழியில். ஓர் இரவுக்கு ஒரு பப் போதும். சாப்பாட்டை வேறு இடத்தில் முடித்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை.

அங்கே 'செஷன்' என்று சொல்வது கச்சேரி அல்ல. மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. ஒரு மூலை மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்து வாசிப்பார்கள். சிலருடைய முதுகுதான் உங்களுக்குத் தெரியும். பெரும்பாலான பப்களில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் முதலாளி பணம் கொடுத்து வரச்சொல்லியிருப்பார். மற்றவர்கள் வாத்தியப் பெட்டியோடு வந்து தாமாகச் சேர்ந்துகொள்பவர்கள். அவர்கள் தங்களுக்குள் வாசித்துக்கொள்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து நாம் கேட்கலாம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே சொல்லும் நடைமுறைகளுக்கெல்லாம் காரணம் தானாக விளங்கும்.

பப்பில் செஷன் என்பது ஏதோ ஆயிரம் வருஷத்து வழக்கம் என்று சுற்றுலா விளம்பரம் பார்த்தால் தோன்றும். மெட்டுகளில் பல 18, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவைதான். ஆனால் அவை ஒலித்த இடம் வீட்டு அடுப்படியும் நாற்சந்தி நடனமும். 1935இல் பொது நடனக்கூடச் சட்டம் வந்து, உரிமம் இல்லாமல் நடனம் நடத்தக் கூடாது என்று ஆக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போன ஐரிஷ்காரர்கள், வாடகை அறையில் வாசிக்க வழியில்லாமல் கேம்டன் டவுன் பக்கத்து பப்களில் கூடினார்கள். அந்தப் பழக்கம் பிறகுதான் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. எழுபது எண்பது வருஷக் கதை, அவ்வளவே.

அசலையும் சுற்றுலாக் கடையையும் பிரித்தறிய வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும். மைக்கும் ஸ்பீக்கரும் வைத்து, ஒருவர் கிட்டாரோடு கூட்டத்தைப் பார்த்து நின்று, எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைப் பாடினால் அது பாலட் நிகழ்ச்சி. கெட்டது என்று சொல்லமாட்டேன், கூட்டத்தோடு சேர்ந்து பாட ஆசையிருந்தால் போகலாம். நீங்கள் தேடுவது அதுவல்ல. டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். ஊரில் மற்ற இடங்களில் 6, 7 யூரோவுக்குக் கிடைக்கும் ஒரு பைன்ட் பீர் அங்கே 10 யூரோவை ஒட்டி வரும்.

டப்ளினில் உங்களுக்கு என் தேர்வு, ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் கோபிள்ஸ்டோன். லுவாஸ் டிராமின் சிவப்புப் பாதையில் ஸ்மித்ஃபீல்ட் நிறுத்தத்தில் இறங்கி, சதுக்கத்தின் மறுகோடிக்கு நடக்க வேண்டும். 'இசைக் கோளாறு உள்ள குடிக்கடை' என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் கடை அது. 2021இல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது இசைக்காரர்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது. முன்கூடத்தில் ஜன்னலோர மூலைதான் செஷன் இடம். வார நாட்களில் 7 மணியை ஒட்டியே தொடங்கிவிடும் என்பதால், நீண்ட விமானப் பயணம் முடித்து வந்த முதல் இரவுக்கும் இது ஒத்துவரும். பின்னறையில் நடப்பது தனி டிக்கெட் கச்சேரி, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நகர நடுவிலேயே வேண்டுமென்றால் மெரியன் ரோவில் ஓடோனஹியூஸ் இருக்கிறது, 1962இல் 'தி டப்ளினர்ஸ்' குழு உருவான கடை. வரலாறு பெரிது, இடம் சிறிது. ஏழரைக்குள் போகாவிட்டால் உட்கார முடியாது.

பப் சூழலே வேண்டாம் என்று மனைவி தயங்கினால், மங்க்ஸ்டவுனில் கோல்டஸ் அமைப்பின் கலையகம் இருக்கிறது. 1951இல் தொடங்கிய இந்த அமைப்புதான் பாரம்பரிய இசையை ஊர் ஊராக வகுப்பு வைத்துக் காப்பாற்றி வருவது. டார்ட் ரயிலில் போகலாம். ஆனால் தயக்கத்துக்குக் காரணமே இல்லை. அயர்லாந்தில் பப் என்பது குடும்பத்தோடு போகும் இடம். பாட்டிமார் ஒரு கோப்பை டீயோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. சில பழைய கடைகளில் 'ஸ்னக்' என்று மரத்தடுப்பு போட்ட குட்டி அறை இருக்கும். பெண்கள் வெளியே தெரியாமல் குடிக்க அந்தக் காலத்தில் வைத்தது. இன்று அதைப் பிடிக்கத்தான் போட்டி. இசை கேட்க மட்டும் அது லாயக்கில்லை, தடுப்பு சத்தத்தை மறைத்துவிடும்.

கால்வேயில் வேலை சுலபம். மெயின்கார்டு தெருவில் டீ கோலி என்ற கடையில் ஒரு நாளைக்கு இரண்டு செஷன் உண்டு: சாயங்காலம் ஆறு மணியை ஒட்டி ஒன்று, இரவு ஒன்பதரையை ஒட்டி இன்னொன்று. 'டீ' என்றால் ஐரிஷ் மொழியில் வீடு, தேநீர் அல்ல. சாயங்கால செஷனுக்கு ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால், எட்டு மணிக்கு வெளியே வந்து நிதானமாகச் சாப்பிட்டுத் தூங்கப் போகலாம். ஓய்வுபெற்றவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு மேற்குக் கரையில் கிடையாது. ஷாப் ஸ்ட்ரீட்டில் டாஃப்ஸ் என்ற பப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. ஸீ ரோடில் க்ரேன் பார் இன்னும் தீவிரமான ரசிகர்களுக்கு. அதன் மாடி அறைக்குப் போவதென்றால் படி ஏற வேண்டும், முழங்காலைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

டூலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் திட்டம் சொதப்பும். இது கிளேர் மாவட்டத்துக் கடலோரச் சின்ன ஊர். தகரக் குழல் வாசித்த மீக்கோ ரஸ்ஸலும் (1915–1994) அவருடைய சகோதரர்களும் வாழ்ந்த ஊர் என்பதால் இசைக்குப் பெயர் பெற்றது. ஊர் இரண்டு துண்டாக இருக்கிறது. கடல் பக்கம் ஃபிஷர் ஸ்ட்ரீட்டில் கஸ் ஓகானர்ஸ். உள்ளே தள்ளி ரோட்ஃபோர்டில் மெகான்ஸும் மெக்டெர்மட்ஸும். நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் சாலை. இரவில் நல்ல இருட்டு, சில இடங்களில் நடைபாதையும் இல்லை. எனவே எந்த பப் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அந்தப் பக்கமே அறை எடுங்கள். செப்டம்பரில் இன்னொரு சிக்கல் உண்டு. பக்கத்து ஊரான லிஸ்டூன்வார்னாவில் அந்த மாதம் முழுக்க 'வரன் பார்க்கும் திருவிழா' நடக்கிறது. பெயர் வேடிக்கையாக இருந்தாலும் கூட்டம் நிஜம். வாரக் கடைசியில் சுற்றுவட்டாரத்தில் அறையும் டாக்ஸியும் கிடைப்பது கஷ்டம். டூலினை ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு மாலையை மணிக்கணக்கில் பார்க்கலாம், டூலினையே எடுத்துக்கொண்டு.

சாப்பாடு ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே. பப் சமையலறைகள் பொதுவாக ஒன்பது மணிக்கு மூடிவிடும். இசை தொடங்கியபின் பசித்தால் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்தான், அதற்கு அங்கே 'க்ரிஸ்ப்ஸ்' என்று பெயர். சைவத்துக்குக் காய்கறி சூப்பும் பிரவுன் பிரெட்டும் எங்கும் கிடைக்கும். ஆனால் 'வெஜிடபிள் சூப்' என்று எழுதியிருந்தாலும் கோழி எலும்பு வேகவைத்த நீரில் செய்திருக்கலாம், 'சிக்கன் ஸ்டாக் சேர்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். சௌடர் என்றால் மீன் சூப், ஸ்டியூ என்றால் ஆட்டிறைச்சி. சீஸ் டோஸ்டி, அதாவது சூடாக்கிய சீஸ் சாண்ட்விச், சாப்பிடலாம்.

எட்டரைக்கு நாற்காலி. பலகையில் 'இசை 9.30' என்று எழுதியிருக்கும். முதல் மெட்டு 9.45க்குக்கூடத் தொடங்கலாம். நாற்காலி மட்டும் ஒன்பதுக்குமேல் கிடைக்காது. இடம் பிடிக்கும்போது செய்யும் பெரிய தவறு, காலியாக இருக்கிறதே என்று மூலை மேஜையில் உட்காருவது. கடை முழுக்க ஆட்கள், ஒரு மூலை மட்டும் காலி, பெஞ்சில் ஒரு வயலின் பெட்டி, மேஜையில் யாருடையதோ ஒரு பாதிக் கோப்பை என்றால் அது இசைக்காரர்கள் இடம். அதற்கு இரண்டு மேஜை தள்ளி, சுவரை ஒட்டிய நீள பெஞ்சைப் பாருங்கள். நடுவில் இருக்கும் முக்காலிகளுக்கு முதுகு கிடையாது, இரண்டரை மணி நேரம் தாங்காது. பாஞ்சோவும் அக்கார்டியனும் காதைத் துளைக்கும் வாத்தியங்கள். காதுக்கருவி வைத்திருப்பவர்கள் அவற்றுக்கு நேர் எதிரே உட்காராமல், ஃபிடில்காரர் பக்கமாக நகர்ந்துகொள்ளுங்கள். ஃபிடில் என்பது நம் வயலினேதான். உள்ளே வேர்க்கும், வெளியே கடல்காற்று. கழற்றிப் போடக்கூடிய அடுக்கு உடைகள் நல்லது.

மேஜைக்கு யாரும் வந்து ஆர்டர் எடுக்கமாட்டார்கள். கவுன்ட்டருக்குப் போய் வாங்கி, அப்போதே பணம் கொடுக்க வேண்டும். கையை ஆட்டிக் கூப்பிட வேண்டாம். பார்மேனின் கண்ணில் பட்டால் போதும், யாருக்கு அடுத்து யார் என்று அவருக்கு நினைவிருக்கும். கவுன்ட்டரில் டிப்ஸ் வழக்கமில்லை. ஒரு பைன்ட் என்பது 568 மில்லி, நம் பாட்டில் பீர் அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. உங்களுக்கு அரை பைன்ட் போதும். அதற்கு அங்கே வெறும் 'கிளாஸ்' என்று பெயர்: 'எ கிளாஸ் ஆஃப் கின்னஸ், ப்ளீஸ்' என்றால் 284 மில்லி வரும். அதில் ஆல்கஹால் சுமார் 10 கிராம். இரண்டரை மணி நேரத்துக்கு இரண்டு கிளாஸ் தாராளம். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால், கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கின்னஸ் ஊற்றும்போது அவசரப்படுத்தாதீர்கள். கோப்பையை 45 டிகிரி சாய்த்து முக்கால் பாகம் நிரப்பிவிட்டு, அப்படியே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். மறந்துவிட்டார் என்று நினைத்து அந்தக் கோப்பையை எடுத்துவருகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. நைட்ரஜன் குமிழிகள் சுவரோரம் கீழ்நோக்கி வழிவது போலத் தெரியும், பழுப்பு கறுப்பாகும், மேலே வெள்ளை நுரை பிரியும். பிறகுதான் மீதிப் பாகம். கம்பெனிக் கணக்குப்படி மொத்தம் 119.5 விநாடி. சைவ உணவுக்காரர்கள் கேட்பது, இது சைவமா என்று: முன்பு வடிகட்ட மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் பயன்படுத்தினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்திவிட்டார்கள்.

மனைவிக்கு: 'மினரல்' என்று பலகையில் பார்த்துத் தண்ணீர் என்று நினைக்க வேண்டாம், அங்கே அது கூல்டிரிங்க்ஸ். ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்த ராக் ஷாண்டி கேட்டுப் பாருங்கள், அதில் ஆல்கஹால் இல்லை. ஆனால் வெறும் 'ஷாண்டி' என்றால் பீர் கலந்தது. ஒரு சொல்லில் தப்பு நடந்துவிடும். டீ, காபி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், ராத்திரி நேரம் போகப் போகச் சில இடங்களில் மெஷினை அணைத்துவிடுவார்கள். கின்னஸ் 0.0 ஆல்கஹால் நீக்கியது, பல கடைகளில் உண்டு. குளிர் அதிகமென்றால் உங்களுக்கு ஹாட் விஸ்கி: 35.5 மில்லி விஸ்கி, கொதிநீர், சர்க்கரை, கிராம்பு குத்திய எலுமிச்சை வில்லை. சளிக்கு மருந்து என்பார்கள். மருந்தோ இல்லையோ, ருசி.

பக்கத்து மேஜைக்காரர் பேச்சுக் கொடுத்து உங்களுக்கும் ஒன்று வாங்கி வரலாம். 'ரவுண்ட்' முறை அது, வாங்கிக்கொண்டால் அடுத்த முறை நீங்கள் வாங்கித்தர வேண்டும். வேண்டாம் என்றால் முதலிலேயே சிரித்துக்கொண்டு மறுத்துவிடுவது மரியாதை.

இனி இசை. உங்களுக்குத் தாளம் எண்ணத் தெரியும் என்பதால் பாதி வேலை முடிந்தது. ஜிக் என்றால் 6/8, 'தகிட தகிட' என்று எண்ணிப் பாருங்கள், பொருந்தும். மூன்று தகிட வந்தால் ஸ்லிப் ஜிக், 9/8. ரீல் என்பது 'தகதிமி தகதிமி' என்று ஓடும், செஷனில் பெரும்பங்கு அதுதான். ஹார்ன்பைப்பும் நாலு நடைதான், சற்றே நொண்டி நடக்கும். கெர்ரி பக்கம் போனால் போல்கா வரும். ஒரு மெட்டுக்கு இரண்டு பாகம், ஒவ்வொன்றும் எட்டு பார் (தாளக் கட்டு). முதல் பாகம் இருமுறை, இரண்டாவது இருமுறை, ஆக 32 பார். ஒரு சுற்று ஏறக்குறைய 35 விநாடி. மூன்று சுற்று வாசித்து, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அப்படி இரண்டு மூன்று மெட்டு சேர்ந்தது ஒரு 'செட்', சுமார் நாலைந்து நிமிடம்.

அந்தத் தாவலைக் கவனியுங்கள், செஷனின் உயிரே அங்கேதான். மூன்றாம் சுற்றின் கடைசி இரண்டு பாரில் முன்னின்று வாசிப்பவர் தலையை நிமிர்த்துவார், சிலர் 'ஹப்' என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள், கிட்டார்காரர் அவர் விரலையே பார்ப்பார். சுருதி மையம் டக்கென்று மாறும். அடுத்த மெட்டு எது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார்கள். முதல் நாலு சுரம் கேட்டதும் மற்றவர்கள் வந்து ஒட்டிக்கொள்வார்கள், அது தெரியாதவர் ஃபிடில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் குடிப்பார்.

கற்பனைஸ்வரத்தையோ தனி ஆவர்த்தனத்தையோ எதிர்பார்க்க வேண்டாம். எல்லோரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள், நுணுக்கம் அலங்காரத்தில் இருக்கிறது. 'ரோல்' என்பது ஒரு சுரம், அதற்கு மேல் சுரம், மறுபடி அதே, கீழ்ச் சுரம், மறுபடி அதே என ஐந்தும் ஒரு சொடுக்கில் வருவது. நம் கமகம் போல இழையாது, தாளத்தைக் குத்திக் காட்டும். சுரவரிசையில் சங்கராபரணம், கரஹரப்பிரியா, ஹரிகாம்போஜி மூன்றுக்கும் இணையானவை அடிக்கடி வரும். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் ஆங்கிலேயப் படையின் பேண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளை ஒட்டி அமைந்தவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த மெட்டுகளின் உடல்வாகு அந்நியமாகத் தெரியாது.

இல்லன் பைப்ஸ் வந்தால் அதிர்ஷ்டம். வாயால் ஊதாமல், வலது முழங்கையில் கட்டிய துருத்தியால் காற்றடித்து வாசிக்கும் குழல். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாணல் நாக்குகள் அறையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும், சுருதி சேர்க்கவே பத்து நிமிடம் ஆகலாம். தம்புரா சேரக் காத்திருந்த நமக்கு அது பெரிய விஷயமா? பௌரான் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய கைப்பறை. பின்பக்கம் வைத்த கை தோலை அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும். ஒரு செஷனுக்கு ஒரு பௌரான்தான் நாகரிகம், இரண்டாவது ஆள் வந்தால் முகங்கள் சுருங்கும்.

அதே காரணத்தால் மேஜையில் தாளம் தட்டாதீர்கள், மெட்டு நடுவே கைதட்டவும் வேண்டாம். கூட்டம் தட்டும் தாளம் எப்போதும் வேகமாக ஓடிவிடும், வாசிப்பவர்களை இழுத்துக் கவிழ்க்கும். தொடையில் விரலால் போட்டுக்கொள்ளலாம். செட் முடிந்ததும் கைதட்டல் போதும். நடுநடுவே பத்து நிமிடம் அரட்டை நடக்கும், முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். கடை முழுக்கச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும், அதுவும் இயல்பு. ஆனால் 'உஷ்' என்று ஒரு குரல் வந்து யாரோ கண்ணை மூடிக்கொண்டு துணைவாத்தியம் இல்லாமல் பாடத் தொடங்கினால் அது ஷான் நோஸ் பாணிப் பாட்டு. அப்போது கவுன்ட்டரில்கூடக் கோப்பைச் சத்தம் கேட்காது. நாற்காலியை நகர்த்தவும் கூடாது. படம் பிடிக்க வேண்டுமென்றால் இடைவேளையில் கேட்டுவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு நிமிடம். நன்றி சொல்ல ஆசையிருந்தால் பார்மேனிடம், 'இசைக்காரர்கள் என்ன குடிக்கிறார்கள்?' என்று கேட்டு ஒரு சுற்று வாங்கி அனுப்பலாம். சினிமாவில் கேட்ட பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்பது மட்டும் வேண்டாம்.

திங்கள் முதல் வியாழன் வரை கடைகள் 11.30க்கும், வெள்ளி சனி 12.30க்கும், ஞாயிறு 11க்கும் மது விற்பதை நிறுத்தும். கையில் இருப்பதைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் தருவார்கள். கடைசி அரை மணியில் கூட்டமும் சத்தமும் உச்சத்தில் இருக்கும், பதினொன்றுக்குக் கிளம்பினால் நஷ்டமில்லை. காரை எடுக்காதீர்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு, தாண்டினால் ஓட்டுரிமை ரத்து, கிராமத்துச் சாலையிலும் சோதனை உண்டு. டூலினில் அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. அறைக்கு நடக்க முடியாதென்றால், சாப்பிட உட்காரும்போதே விடுதிக்காரரிடம் சொல்லி டாக்ஸி பேசிவையுங்கள். பத்தரைக்கு மேல் கூப்பிட்டால் எடுக்க ஆள் இருக்காது. நடந்து போவதென்றாலும் ஒரு டார்ச் லைட், வெளிர்நிற மேலங்கி, எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலதுபக்கம்.